ஐயாவும் நாற்பத்திரண்டு வளவுகளும்

மருதனார்மடம்
16.01.2023

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கல் பானை நல்லபடி பொங்கி வழிந்தது. வடக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. அது நல்ல சகுனம் என்று வீட்டுக்காரம்மா சொன்னா. என் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சீனி வருத்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

நம் மகள் சுபாஜினி கனடாவிலிருந்து என்னைப் பகிடி பண்ணுகிறாள். "இந்தக் காலத்திலையும் முத்திரை ஒட்டிக்கொண்டு நிக்கிறியளோ அம்மா?" என்கிறாள். நான் என்ன செய்ய? போன் எடுத்தால், "ஐயா கூப்பிடுறார், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை உங்களால் நடுவில் வெட்ட முடியாது.

சில நாட்களில் நம்முடைய வாழ்க்கையை யாரோ ஒருத்தியின் கதைபோல எனக்கே சொல்லிப் பார்ப்பேன். கலியாணம் கட்டி அவளின் சீதன வீட்டில் பதினொரு மாதம் இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழ, உடுத்த உடுப்போடு ஓடினார்கள். வீட்டோடு வளவு ஆமியின் கம்பிக்குள் போய்விட்டது. பிறகு வாடகை வீடு, வாடகை வீடு, வாடகை வீடு. மனுசன் நெல்லியடியில் அரசறிவியல் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன் கதிரித்தம்பி ஐயா என்ற கட்சித் தலைவர், "தம்பி, என்னோடை வாரும். உங்கடை காணியளை மீட்டுத் தாறன்" என்று அவரைச் செயலாளராகக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். மிச்சம் தெரியாது.

ஐயாவின் பவளவிழா மலருக்கு நீங்கள்தான் தலைமைக் கட்டுரை எழுதுகிறீர்களாம். பழைய அரச நூல்களோடு அவரை ஒப்பிடப் போகிறீர்களாம். ஒப்பிடுங்கள். எந்த நூலிலாவது, அரசனின் செயலாளர் வருஷத்துக்கு எத்தனை தரம் வீட்டுக்கு வரலாம் என்று இருந்தால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
உதயகலா


வெள்ளவத்தை
09.02.2023

அன்புள்ள உதயாவுக்கு,

நீரும் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சீனி கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மருந்து தவறுவதில்லை, தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விட்டாயிற்று.

கட்டுரை ஆறு பக்கம் வந்துவிட்டது. நம் முன்னோர் அரசனுக்குச் சொன்ன இலக்கணத்தைப் புரட்டப் புரட்ட ஆச்சரியமாக இருக்கிறது. சனம் பயமில்லாமல் அவனை அணுக வேண்டும். அவன் வாயில் சுடுசொல் வரக்கூடாது. குடிகளின் குறையைக் காதால் கேட்டுத் தாங்க வேண்டும். ஐயாவை வைத்தே எழுதினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது. அரசனிடம் அன்பு இருப்பதைவிடப் பயம் இருப்பதே பத்திரம் என்பது மேல்நாட்டுச் சிந்தனை. சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு உபாயத்தில் ஐயாவுக்குத் தெரிந்தது முதலாவது மட்டுந்தான்: நயமாகப் பேசிக் காரியம் பார்ப்பது. கொடுத்து மடக்குவது, பிரித்து வெல்வது, அடித்துப் பணிய வைப்பது மூன்றும் அவருக்கு வராது.

வளவு இழந்த நம் ஒழுங்கையின் நாற்பத்திரண்டு குடும்பங்களையும் ஒரே பட்டியலாக எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அதை வாசித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, ஆமி விட்டால் எல்லாத்தையும் ஒண்டா விடவேணும். பிச்சுப் பிச்சுத் தந்தால் நான் வேண்டமாட்டன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நீர் இவ்வளவு காலம் பொறுத்தவர்.

அன்புடன்
தவநேசன்


மருதனார்மடம்
08.03.2023

அன்புள்ள உங்களுக்கு,

சீனி ஏறி இறங்குகிறது என்று எழுதினீர்கள். அது என்ன கொக்குவில் பஸ்ஸில் போகிற ஆளா, ஏறி இறங்க? இலக்கத்தை எழுதுங்கள். நான் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு ஐயா இங்கே சந்தியடிக்கு வந்தார். நல்ல சனம். ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்தவர்களும் சந்தைக்கு வந்தவர்களும் கலந்து நின்றார்கள். ஆள் மெலிந்துபோய் இருக்கிறார். இடது முழங்காலுக்குச் சீலை சுற்றியிருக்கிறார், சப்பாத்தில்லாமல் றப்பர்ச் செருப்பு. பாவம், நோகும்போல.

எங்கள் கமநலக் கந்தோரில் வேலை கூட. விதைவெங்காயத்துக்குக் கமக்காரரின் வரிசை. ஒவ்வொருவரும் தன் காணி எவ்வளவு, எங்கே என்று சொல்லும்போது நான் படிவத்தை நிரப்புகிறேன். என் பெயரில் நிரப்ப ஒரு படிவம் இல்லையே என்று சில வேளை தோன்றும். வேறு விசேடம் இல்லை.

சித்திரை வருஷத்துக்கு வருவீர்கள்தானே?

உங்கள்
உதயகலா


வெள்ளவத்தை
20.04.2023

அன்புள்ள உதயாவுக்கு,

வருஷப் பிறப்புக்கு வராமல் விட்டதற்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது? பெட்டி கட்டிவிட்டேன். சீட்டும் எடுத்துவிட்டேன். பின்னேரம் ஐயா, "தம்பி, நாளைக்கு ஆக்கள் வருவினம்" என்றார். கைவிசேடக் காசை உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். சீனி நூற்று எண்பது.

கட்டுரை பத்துப் பக்கம். இரகசியம் காப்பது, காலம் அறிவது என்று இரண்டு பகுதி சேர்த்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஐயா முழங்காலுக்குச் சீலை சுற்றிய விஷயம் பத்திரிகைப் படத்தில் இல்லை. மேடையில் வேட்டி கணுக்கால்வரை இருந்தது. கிட்ட நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். நீர் அவரைக் கிட்டப் போய்ப் பார்த்தீரோ? பார்த்திருந்தால் நான் உம்முடைய மனுசன் என்று சொன்னீரோ?

அன்புடன்
தவநேசன்


மருதனார்மடம்
02.05.2023

அன்புள்ள உங்களுக்கு,

கைவிசேடம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். நூற்று எண்பது கூட, பாவற்காய் சாப்பிடுங்கள்.

வருஷப் பிறப்பு அன்று இரண்டு பேருக்குச் சமைத்தேன். தெரிந்துகொண்டுதான் சமைத்தேன், மறதியில் இல்லை. பிறகு உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன். எனக்கு உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும்போல இருக்கிறது. நேரில் நின்று, குரலை உயர்த்தி, நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "சரி சரி" என்று சொல்லும்வரை. எனக்கு ஐம்பத்தாறு வயது. புருசனை நினைத்து ஏங்குவது வெட்கமான விஷயம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

உங்கள்
உதயகலா


வெள்ளவத்தை
19.06.2023

என் உதயாவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நம் வளவு விடுபடுகிறது! பட்டியலை என் கண்ணால் பார்த்தேன். உம்முடைய பெயர், காணி உறுதி இலக்கம், பரப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம், உதயா. கந்தோரில் கதவைச் சாத்திவிட்டு இருந்து அழுதேன்.

செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மண்டபத்தில் விழா. ஐயா தன் கையால் கடிதம் தருவார். காணிச் சொந்தக்காரரே நேரில் வந்து வாங்க வேண்டும்; வராதவர்களின் காணி பின்போடப்படும். பெயர்களை வாசிக்கிறவன் நான். உம்முடைய பெயரை நானே ஒலிவாங்கியில் வாசிக்கப் போகிறேன்!

இது முதற்கட்டம். மற்றதெல்லாம் படிப்படியாக வரும். நம் கிராமத்து விதானையாரோடு போய் வளவை ஒருதரம் பார்த்துவிட்டு வாரும்.

அன்புடன்
தவநேசன்


மருதனார்மடம்
03.07.2023

அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு நலம். மனதைப் பற்றி இந்தக் கடிதத்தின் முடிவில் நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

வளவைப் பார்த்தேன். கூரை இல்லை. நாம் படுத்த அறைக்குள் ஒரு வேம்பு நிற்கிறது, கட்டிப்பிடிக்க ஏலாத மொத்தம். குசினிச் சுவர் அப்படியே இருக்கிறது, கரி பிடித்தபடி. நான் கன்னத்தை அந்தச் சுவரில் வைத்தேன். விதானையார் மற்றப் பக்கம் திரும்பி நின்றார், நல்ல மனுசன்.

பிறகுதான் கம்பியைப் பார்த்தேன். நம் வளவின் மூன்று பக்கமும் புதுக் கம்பி. நம்மை மட்டும் வெட்டி வெளியே விட்டிருக்கிறார்கள். கிணறு எங்கள் மூலையில் இருக்கிறதல்லவா, அதையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள். என் உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: "கிணற்றில் ஐந்திலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்." மற்ற நாலு பங்கும் கனிசியஸ் அண்ணைக்கும், ஏரம்பு அப்புவுக்கும், லவீனாவுக்கும், சுபாஸ் குடும்பத்துக்கும். அவர்களுடைய நாலு வளவும் கம்பிக்கு அங்காலே.

கனிசியஸ் அண்ணையும் லவீனாவும் கேள்விப்பட்டு றோட்டில் வந்து நின்றார்கள். அண்ணை, "நல்லது பிள்ளை, உனக்காவது கிடைச்சுதே" என்றார். லவீனா ஒன்றும் பேசவில்லை. அண்ணை பேசாமல் விட்டு அவள் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நாற்பத்திரண்டில் எத்தனை பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. விதானையாரிடம் கேட்டேன். மூன்று. நம்முடையது, கட்சிப் பொருளாளருடையது, ஐயாவின் மருமகனுடையது. முதல் உபாயம் தவிர ஐயாவுக்கு ஒன்றும் வராது என்று எழுதினீர்களே. ஒரே துண்டில் தானத்தையும் பேதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

சித்திரையில் கேட்டதற்கு இப்போது பதில். ஓம், கிட்டப் போனேன். கனிசியஸ் அண்ணையும் நானும் நாற்பத்திரண்டு பேருடைய பட்டியலின் பிரதியோடு நாலு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் கிட்டப் போக முடிகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஐயா வாங்கினார், "பாப்பம் பிள்ளை" என்று தோளில் தட்டினார். அவர் எழும்பிப் போனபிறகு பார்க்கிறோம், பட்டியல் கதிரையில் கிடக்கிறது. நோகிற காலை வைக்க முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதன் தூசுக்கு மேலே பட்டியலை விரித்திருந்தார்கள். கனிசியஸ் அண்ணை எடுத்துத் தட்டி மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். "தவநேசன் தம்பிக்கு எழுதாதை, அவர் கட்டுரை எழுதிறார்" என்றார். எழுதாமல் விட்டேன்.

நீங்கள் இந்த மூன்றைப் பற்றி முன்பே அறிவீர்களா?

உதயகலா


மருதனார்மடம்
07.08.2023

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு மாதமாகிறது. தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார், இல்லை என்று சொல்ல அவருக்குக் கஷ்டம். சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது போடுங்கள். கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்கிறேன்.

உதயகலா


வெள்ளவத்தை
21.08.2023

அன்புள்ள உதயாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சீனி இருநூற்று நாற்பது. ஒளிக்கவில்லை.

அறிவேன். வைகாசியிலேயே அறிவேன். ஐயா என்னை இருத்தி வைத்து, "தம்பி, மூண்டுதான் தருவாங்கள். உம்முடையதைப் போடவோ, வேறை ஆரின்ரையும் போடவோ? சொல்லும்" என்றார். "நாற்பத்திரண்டும் ஒன்றாக என்று நீங்கள் சொன்னீர்களே, ஐயா" என்று கேட்டிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். ஐயாவைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

கட்டுரை பன்னிரண்டு பக்கமாக முடிந்து அச்சகத்துக்குப் போய்விட்டது. உம்முடைய கடிதத்துக்குப் பிறகு அதே நூல்களைத் திரும்ப எடுத்தேன். அரசனுக்கு இலக்கணம் சொன்னவர்கள் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் சொல்லியிருக்கிறார்கள்: அரசன் கோபித்தாலும், கேளாமல் விட்டாலும், உண்மையைச் சொல்வது அவன் கடமை. அந்தப் பகுதியை நான் பத்து வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். கட்டுரை எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வரவேயில்லை. ஐயாவை அளந்தேன், என்னை அளக்கவில்லை.

ஆனாலும் கேட்கிறேன், உதயா. வாரும். வந்து வாங்கும். எனக்குக் களைத்துவிட்டது. இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு யன்னல், யன்னலுக்கு எதிரே மதில். அந்தப் பதினொரு மாதத்தைத் திரும்ப ஒருதரம் வாழவேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஆசை இல்லை. காணி கைக்கு வந்ததும் வேலையை விட்டுவிடுகிறேன். மற்றவர்களுக்காக வெளியே நின்று பாடுபடலாம்.

உம்முடைய
தவநேசன்


மருதனார்மடம்
30.08.2023

அன்புள்ள உங்களுக்கு,

இருநூற்று நாற்பதோடு விளையாட வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிறகு இதை வாசியுங்கள்.

எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வேம்பைத் தறிக்காமல் அறையை மற்றப் பக்கம் எடுக்கலாம் என்றுவரை யோசித்துவிட்டேன். ஆனால் காலையில் எழும்பியதும் முதல் வேலை தண்ணீர் அள்ளுவதல்லவா? அந்தக் கிணற்றில் திங்கள் நமக்கு, செவ்வாய் ஏரம்பு அப்புவுக்கு என்று இறைப்பு முறை. என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து முறை தவறினால் கனிசியஸ் அண்ணையின் தகப்பன் எங்கள் பயிருக்கும் இறைத்துவிட்டுப் போவார். இப்போது கிழமையில் ஏழு நாளும் நான் ஒருத்தி அள்ள, பங்குக்காரர் சுன்னாகத்தில் வாடகை வீட்டில் குழாயடியில் நிற்பதா? "வெளியே நின்று பாடுபடலாம்" என்கிறீர்கள். வாய்க்குள் சோறு இருக்கிறவன் பசியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? ஐயாவுக்கு அது தெரியும். நம்முடைய வாயை அடைக்கத்தான் நம்முடைய வளவு.

அது என் சீதனம். என் பெயர். ஆகவே நான் சொல்கிறேன்: 17ஆம் திகதி நான் வரமாட்டேன்.

உங்களுக்கு நான் கட்டளை போடவில்லை. பெயரை வாசிப்பது உங்கள் வேலை என்றால் வாசியுங்கள். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாசியுங்கள்.

உங்கள்
உதயகலா


நெல்லியடி
20.09.2023

உதயாவுக்கு,

அக்கா வீட்டில் இருக்கிறேன். சுகம். வேலை இனி இல்லை. நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்.

மலர் வந்துவிட்டது. கட்டுரையைத் திருப்பி வாங்கப் போனேன், அச்சகத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். என் பன்னிரண்டு பக்கமும் அதில் இருக்கிறது, என் படத்தோடு.

வீட்டையும் உமக்கு இல்லாமல் செய்தேன், ஏழு வருஷத்தையும் இல்லாமல் செய்தேன். எதைக் கொண்டு உம்மிடம் வருவது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன்.

தவநேசன்


மருதனார்மடம்
26.09.2023

அன்புள்ள உங்களுக்கு,

கனிசியஸ் அண்ணை அன்றே வந்து சொன்னார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை, நின்றபடி சொன்னார்.

"பிள்ளை, உன்ரை பேரை வாசிச்சார். ஒருதரும் எழும்பேல்லை. திரும்ப வாசிச்சார். ஐயா சிரிச்சுக்கொண்டு, 'அடுத்தது, அடுத்தது' எண்டார். உன்ரை மனுசன் கடதாசியை மடிச்சு வைச்சிட்டு அடுத்ததை வாசிச்சார். அது என்ரை பேர். பிறகு ஏரம்பு. பிறகு லவீனா. கடதாசியிலை இல்லாத பேர் எல்லாம் வருது. ஐயாவுக்குச் சிரிப்பு நிண்டுபோச்சு. பதினேழாவது பேரிலை ஒலிவாங்கியை நிப்பாட்டிப்போட்டாங்கள். அவர் நிப்பாட்டேல்லை. பின்வரிசைக்குக் கேக்கேல்லை, முன்வரிசையிலை இருந்த நாங்கள் கேட்டம். முப்பத்தொன்பதையும் சொல்லி முடிச்சிட்டுத்தான் மேடையாலை இறங்கினவர்."

லவீனா நேற்று வந்தாள். குசினிக்குள் வந்திருந்து முருங்கைக்காய் வெட்டித் தந்தாள். பேசினாள்.

விதானையாரும் வந்தார். வராதவர்களின் காணி பின்போடப்பட்டதாம். நம் வளவைச் சுற்றி நாலாவது பக்கமும் கம்பி போட்டாயிற்றாம். அவர் போனபிறகு அழுதேன். கெட்டிக்காரி மாதிரி உங்களுக்கு எழுதிவிட்டேனே தவிர, அந்த வீடு எனக்கு வேண்டும். இப்போதும் வேண்டும். இதை மறைத்து எழுதினால் நானும் ஒரு மலருக்குக் கட்டுரை எழுதினவள் ஆகிவிடுவேன்.

எனக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கம்பிக்குள் இருக்கிறது, மற்றது நெல்லியடியில் இருக்கிறது. கம்பிக்குள் போக என்னால் முடியாது. எதைக் கொண்டு வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். உடுப்புப் பையையும் மருந்தையும் கொண்டு வாருங்கள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக் காலை பஸ்ஸில் ஏறி நானே கொண்டுவருகிறேன். உங்கள் கையில் தந்துவிட்டு முன்னால் இருப்பேன். வாசித்து முடிந்திருக்கும் இப்போது. கண்ணாடியைத் துடைத்தது போதும், எழும்புங்கள். மத்தியானப் பஸ் போய்விடும்.

உதயகலா